எட்டெழுத்துப் பெயருக்கு இருபது கட்டம் போதவில்லை!

(இறுதியாண்டு, கணிப்பொறித் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, நானும் எல்லோரையும் போல ஒரு கவிதையைத்தான் நீட்டினேன். "ஏற்கனவே பதினாலு கவிதை வந்திருக்குடா. அதுல பத்து காதல் தோல்வி. நீயாவது நம்ம சப்ஜெக்ட்ல உருப்படியா ஒண்ணு எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனவே இந்தக் கட்டுரை. படித்துவிட்டு திட்டுவதென்றால் அவரைத் திட்டவும்!

இரண்டாம் ஆண்டு சி லேப் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது முன்னும் பின்னும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் புரோகிராம். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒப்பிடு, பிறகு இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் ஒப்பிடு, இப்படியே நடுவரை போ. பத்து வரிகூட வராது. மேடம், மலையாளம் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தோம், சரியாக வந்தது. சும்மா இருந்த கையை வைத்துக்கொண்டு நான் தமிழில் "விகடகவி" என்று அடித்தேன். தமிழ்நாட்டில் பாலிண்ட்ரோம் என்றால் பிறந்த குழந்தைகூட சொல்லும் சொல் அது. கம்ப்யூட்டர் சொன்ன பதில்: இது பாலிண்ட்ரோம் அல்ல!

லேபே சிரித்தது. "தேரு வருதே" என்று அடித்துப் பார்த்தேன். நம்ம ஒற்றியூர் தேரடிக்காரனுக்கு இதைக்கூடவா தெரியாது? அதையும் இல்லை என்றது. கடைசியில் ஒரே ஓர் எழுத்து, வெறும் "அ" என்று அடித்தேன். அதுவும் பாலிண்ட்ரோம் அல்லவாம்! "மச்சி, உன் கம்ப்யூட்டருக்கு அனாவே தெரியலடா" என்று நண்பர்கள் கலாய்த்தார்கள். "சி-ல தமிழுக்கு வசதி கிடையாதுப்பா, விட்டுட்டு அடுத்த புரோகிராமப் போடு" என்றார் சார். விட்டுவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் ஆங்கில அவுட்புட்டை ஒட்டி மார்க்கும் வாங்கிவிட்டேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வருடம் கழித்து என் தொண்டையில் சிக்கியது.

என் அப்பா வேலை செய்வது எங்கள் விம்கோ நகர் பக்கம் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு சிறிய பட்டறையில். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஷேப்பர், பதினாறு ஆட்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்து கொடுப்பது தொழில். சம்பளச் சீட்டை முதலாளியே கையால் எழுதிக் கொண்டிருந்தார். "பையன் கம்ப்யூட்டர்தானே படிக்கிறான், அவன்கிட்ட சொல்லி மெஷின்ல போட்டுக் குடுக்கச் சொல்லு" என்று அப்பாவிடம் கேட்க, நான் ஓடோடிப் போய் ஒப்புக்கொண்டேன். முதல் புராஜெக்ட்! அதுவும் அப்பா வேலை பார்க்கும் இடத்தில்!

ஆட்களின் பெயர், ஊர், வேலை நாள், ஓவர்டைம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தமிழில் அடித்துக்கொண்டேன். சி புரோகிராம் அதைப் படித்து, கணக்குப் போட்டு, சீட்டை இன்னொரு ஃபைலாக எழுதும். அதைத் திறந்து பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான். பெயருக்கு 20 எழுத்து இடம் விட்டேன். நம் ஊரில் இருபதெழுத்துப் பெயர் யாருக்கு இருக்கிறது?

முதல் மாதச் சீட்டு. அங்கே மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். பட்டறைக்கே மூத்தவர், அப்பாவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா கண்ணு இது, எம்பேரு பாதிலயே நிக்குது? அப்பால ஒரு பொட்டி மாரி போட்டுக்குது?"

அவர் பெயரை இங்கே அச்சில் போட வேண்டாம். அதே நீளமுள்ள "திருநாவுக்கரசு" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் ஒற்றியூர் கோயிலைப் பாடியவரின் பெயர்தானே. அந்தப் பெயர் சீட்டில் "திருநா" என்று நின்று, பக்கத்தில் ஒரு கட்டம் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் விழுந்திருந்தது.

"முப்பத்தஞ்சு வருசமா மொதலாளி கையால எழுதினாரு. ஒரு நாளும் பேரு ஒடஞ்சதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நண்பர்களே, இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது, பயப்படாமல் படியுங்கள்.

"திருநாவுக்கரசு" என்பதில் எத்தனை எழுத்து? தி, ரு, நா, வு, க், க, ர, சு. எட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் இன்று எல்லா மெஷினிலும் புழங்கும் யூனிகோடில் "தி" என்பது ஒன்றல்ல, இரண்டு குறிகள்: "த" ஒன்று, அதன் மேல் வரும் கொக்கி ஒன்று. "க்" என்பதும் இரண்டு: "க" ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் எட்டெழுத்துப் பெயருக்குக் குறிகள் 14. அதோடு நிற்கவில்லை. ஃபைலில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 42 பைட்! சி மொழியின் "ஸ்ட்ரலென்" எண்ணுவது எழுத்தையல்ல, பைட்டை. நான் விட்ட 20 கட்டத்தில் 18 பைட் வரை "திருநா" உட்கார்ந்தது. மீதி 2 கட்டத்தில் "வ" என்பதன் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஏறி, ஒன்று படிக்கட்டில் தொங்கியது. அந்தத் தொங்கல்தான் மேஸ்திரி பார்த்த பெட்டி.

நம்ம ஊர் பெயரையே பாருங்கள். "விம்கோ நகர்" என்பதில் 6 எழுத்து, ஓர் இடைவெளி. சி மொழியைக் கேட்டால் 31 என்கிறது. பைத்தானும் ஜாவாவும் 11 என்கின்றன. ஆப்பிள் கம்பெனி 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி மட்டும் இடைவெளியையும் சேர்த்து 7 என்று சரியாகச் சொல்கிறது. அந்த மொழியில் கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தைத்தான் ஒன்றாக எண்ணுகிறார்கள். வசதி இருக்கும் மொழியும் உண்டு, இல்லாத மொழியும் உண்டு. எனக்கு வாய்த்தது இல்லாத மொழி.

விகடகவி விவகாரமும் அப்போதுதான் விளங்கியது. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் 224. கடைசி பைட் 128-இலிருந்து 191-க்குள் இருக்கும். எனவே தமிழ்ச் சொல் எதை எடுத்தாலும் முதல் பைட்டும் கடைசி பைட்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. "அ" என்பது 224, 174, 133. அதைத் திருப்பினால் 133, 174, 224. எங்கள் லேப் புரோகிராம் கணக்கில் தமிழில் பாலிண்ட்ரோம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது!

மறுநாள் மாலை பட்டறைக்குப் போனேன். "மேஸ்திரி, மன்னிச்சிக்கோங்க. அந்த மொழியில தமிழுக்கு வசதி இல்ல. அதான் அப்படி ஆயிடுச்சி" என்றேன். லேபில் சார் சொன்ன அதே வாக்கியம்.

அவர் பதில் சொல்லாமல் டிரில்லிங் மெஷின் பக்கம் கூட்டிப் போனார். ஒரு வட்டமான ஃபிளாஞ்ச். அதில் சுற்றிலும் 6 துளை போட வேண்டும், 60 டிகிரிக்கு ஒன்று. "இந்த மெஷின்ல அறுபது டிகிரிக்குத் திருப்பறதுக்கு வசதி கீதா?" என்றார். இல்லை. அது மேலிருந்து கீழே ஒரு துளை போடும், அவ்வளவுதான். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு தட்டை எடுத்தார். அதில் 6 இடத்தில் கெட்டிப்படுத்திய எஃகு புஷ் அடித்திருந்தது. ஃபிளாஞ்ச் மேல் தட்டை வைத்தார், கிளாம்ப் போட்டார், புஷ்ஷுக்குள் டிரில்லை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. அளவு எடுக்கவில்லை, மார்க்கிங் செய்யவில்லை.

"இது பேரு ஜிக்கு. மெசின்ல வசதி இல்லன்னா ஜிக்கு போட்டுக்கணும். மெசினக் கொற சொல்லிக்கினு குந்திக்கினு இருந்தா ஜாப்பு எப்பிடி போவும்? ஆனா ஒண்ணு கண்ணு. ஜிக்கு போடணும்னா மெசினு தெரிஞ்சா பத்தாது. ஜாப்பு தெரியணும். ஓட்ட எங்க வரணும்னு தெரியாதவன் போட்ட ஜிக்கு, ஆயிரம் பீசையும் ஒரே மாரி கெடுக்கும்."

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. எனக்கோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் படித்த ஃபங்ஷன் என்பது என்ன? ஜிக்தானே! மொழியில் இல்லாத ஒரு வேலையை, இருக்கிற கட்டளைகளைக் கொண்டே செய்யும்படி ஒரு தட்டு அடித்து, பெயர் போட்டு, ஆணியில் மாட்டி வைப்பது. வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்வது.

இன்னொன்றும் யோசித்தேன். சி மொழியே அப்படி வளர்ந்ததுதான். 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழியில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு டேட்டா டைப் கிடையாது. திரையில் எழுதும் கட்டளைகூட மொழிக்குள் கிடையாது. "பிரிண்ட்எஃப்", "ஸ்ட்ரலென்" எல்லாம் யாரோ எழுதி லைப்ரரியில் வைத்த ஃபங்ஷன்கள்தாம். சரி, தவறு என்று சொல்ல ஒரு டேட்டா டைப்கூட முதலில் இல்லை. அவரவர் உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று தாமே பெயர் கட்டிக்கொண்டார்கள். 1999 தரத்தில் அது ஹெடர் ஃபைலாக வந்தது; சி-23 தரத்தில்தான் மொழியின் சொந்தச் சொல்லாகவே ஏறியது. ஸ்ட்ரிங்கை இடம் மீறாமல் காப்பி செய்ய ஓப்பன் பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம்காரர்கள் 1998-இல் "ஸ்ட்ரல்காப்பி" என்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள். லினக்ஸின் ஜிலிப்சி லைப்ரரி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-இல். இருபத்தைந்து வருடம்! அதுவரை வேண்டியவர்கள் அந்த ஃபங்ஷனைத் தங்கள் புரோகிராமோடு சுமந்து திரிந்தார்கள். ஆக, "மொழியில் இல்லை" என்பது வேலையின் முடிவல்ல, ஆரம்பம்.

சரி, என் ஜிக்குக்கு வருகிறேன். முதல் ஃபங்ஷனுக்கு "எழுத்தெண்ணு" என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு பைட்டாகப் போக வேண்டும். 128 முதல் 191 வரை இருந்தால் அது முந்தைய குறியின் வால், விட்டுவிடு. இல்லையென்றால் புதுக் குறி. அந்தக் குறி புள்ளியா, கொக்கியா, காலா, கொம்பா என்று பார். 224, 174 என்று தொடங்கி 190 அல்லது 191-இல் முடிந்தாலும், 224, 175 என்று தொடங்கி 128 முதல் 141 வரையிலோ 151-இலோ முடிந்தாலும் அது ஒட்டுக் குறி, எண்ணாதே. மற்றதை எண்ணு. அவ்வளவுதான். திருநாவுக்கரசுக்கு 8 என்றது. விம்கோ நகருக்கு இடைவெளியோடு 7 என்றது. எழுந்து நின்று கை தட்டாத குறை!

இதை வைத்து "எழுத்துவெட்டு" என்று இரண்டாவது. இடம் போதாமல் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எழுத்து முடிகிற இடத்தில் வெட்டு, நடுவில் வெட்டாதே. பெயருக்கான இடத்தையும் பெரிதாக்கினேன். ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று குறி, அதாவது 9 பைட். இருபதெழுத்துக்கு 180, முடிவுக் குறிக்கு 1, ஆக 181.

மூன்று குறியா என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. "கோ" என்பதை இரண்டு விதமாக அடிக்கலாம். "க" போட்டு "ஓ"காரக் குறி ஒன்று. அல்லது "க" போட்டு, இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் "ஸ்ட்ர்கம்ப்" பைட்டைப் பார்த்து வேறு வேறு என்கிறது! ஒருவரின் பெயரை நான் ஒரு விதமாகவும் முதலாளியின் மகள் வேறு கீபோர்டில் வேறு விதமாகவும் அடிக்க, பட்டறையில் இல்லாத பதினேழாவது ஆள் ஒருவர் சம்பளப் பட்டியலில் முளைத்தார். எனவே மூன்றாவது ஃபங்ஷன்: ஃபைலைப் படித்தவுடன் ஒ, ஓ, ஔ வரிசையில் பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்கிவிடுவது. இதை முதலில் ஓட்டிவிட்டுத்தான் மற்றவை.

அடுத்த மாதச் சீட்டில் மேஸ்திரியின் பெயர் முழுசாக வந்தது. விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "ம்" என்றார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் பக்கத்தில் இருந்த ஆள் பட்டியலை எடுத்தார். அதை ஊர்வாரியாக அடுக்கியிருந்தேன்.

"அனுப்பம்பட்டு ஏன் கண்ணு இவ்ளோ மேல வந்து குந்திக்கினு கீது? 'ன' கட்சீலதான வரும்?"

எங்கள் பட்டறைக்கு கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டு, அனுப்பம்பட்டிலிருந்தும், அந்தப் பக்கம் அம்பத்தூர், அமைந்தகரையிலிருந்தும், அரக்கோணத்திலிருந்துகூட ஒருவரும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் அடுக்கியது இப்படி: அத்திப்பட்டு, அனுப்பம்பட்டு, அமைந்தகரை, அம்பத்தூர், அரக்கோணம். பள்ளிக்கூட வரிசையில் எப்படி வர வேண்டும்? அத்திப்பட்டு, அம்பத்தூர், அமைந்தகரை, அரக்கோணம், அனுப்பம்பட்டு. எட்டாவதோடு நின்ற மனிதர் ஒரு பார்வையில் கண்டுபிடித்தார். டிப்ளமோ முடிக்கப் போகும் நான் பார்க்கவில்லை.

காரணம் என்ன? யூனிகோடில் தமிழின் இட ஒதுக்கீடு 1988-இன் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி அமைந்தது. அதில் எல்லா இந்திய மொழிகளுக்கும் தேவநாகரிக்கு இணையாகவே கட்டம் போட்டார்கள். அதனால் நம் "ன" போய் "ந" பக்கத்தில் உட்கார்ந்தது, "ற" போய் "ர" பக்கத்தில் உட்கார்ந்தது, "ள" "ழ"வை முந்திக்கொண்டது. இது ஒரு கோளாறு. இன்னொன்று புள்ளி. தொல்காப்பிய காலத்திலிருந்து நமக்கு மெய்தான் அடிப்படை; "க்" முதலில், அதோடு "அ" சேர்ந்தால் "க". யூனிகோடில் தலைகீழ், "க" முதலில், அதோடு புள்ளி சேர்ந்தால் "க்". புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் அம்பத்தூர் அமைந்தகரைக்குப் பின்னால் தள்ளப்பட்டது.

இதற்கு ஜிக் போட எனக்கு சி புத்தகம் உதவவில்லை. பத்தாம் வகுப்போடு பரணில் ஏறிய தமிழ் இலக்கணப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்மெய் 216, மொத்தம் 247. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த எண்கள்! எழுத்துக்கு வரிசை எண் கொடுக்க ஒரு வழி யோசித்தேன். உயிர் எழுத்துக்கு 1 முதல் 12. ஆய்தத்துக்கு 13. பிறகு க, ங, ச, ஞ என்று வரும் பதினெட்டு மெய்க்கும் 1 முதல் 18 வரை இலக்கம். அந்த இலக்கத்தை 13-ஆல் பெருக்கு. புள்ளி என்றால் 1 கூட்டு, "அ" சேர்ந்திருந்தால் 2 கூட்டு, "ஆ" என்றால் 3, இப்படியே "ஔ" என்றால் 13.

க் என்பது 14. க 15. கா 16. ம் 131. மை 140. ர 158. னு 240. கடைசி மெய் "ன்", அதன் கடைசி எழுத்து "னௌ". 18-ஐ 13-ஆல் பெருக்கினால் 234, அதோடு 13 கூட்டினால்... 247!

ராத்திரி பதினோரு மணிக்கு அந்த எண்ணைத் திரையில் பார்த்து மயிர்க்கூச்செறிந்தேன் நண்பர்களே. 247 என்பது பதின்மூன்று பத்தொன்பது. ஓர் இடம் காலியில்லை, ஓர் எண் மிச்சமில்லை. நம் நெடுங்கணக்கு ஒரு கச்சிதமான டேபிள். 12 வருடம் தமிழ் படித்தும் அது எனக்குத் தெரியவில்லை; ஒரு ஃபங்ஷன் எழுதப் போய்த்தான் தெரிந்தது. ஜ, ஷ, ஸ, ஹ முதலியவற்றுக்கு 248-இலிருந்து இடம் கொடுத்தேன். பைட்டை ஒப்பிடாமல் இந்த எண்களை ஒப்பிட்டு அடுக்கினேன். அனுப்பம்பட்டு கீழே இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.

மேஸ்திரி சொன்னதன் முழு அர்த்தம் அப்போதுதான் பிடிபட்டது. சி மொழியை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. "க்" என்பது ஓர் எழுத்தா இரண்டா, "ன" எங்கே வர வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மெஷின் அவர்களுடையது, ஜாப் நம்முடையது.

இனி, நீங்கள் இப்படிப்பட்ட ஃபங்ஷன் எழுதும்போது நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்கச் சில வார்த்தைகள்.

ஒன்று, எழுதுவதற்கு முன் தேடுங்கள். எல்லாம் முடித்த பிறகுதான் பைத்தானில் முத்து அண்ணாமலை முதலானோர் செய்துள்ள ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரியைப் பார்த்தேன். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் அதில் தயாராக இருக்கிறது. ஐசியூ என்ற லைப்ரரியில் தமிழ் அகர வரிசையும் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிச்சம். ஆனால் 247 எனக்குக் கிடைத்திருக்காது, அதனால் வருத்தமில்லை. வேலைக்கு லைப்ரரியை எடுங்கள், கற்பதற்கு ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

இரண்டு, பெயர் வைப்பதில் கவனம். கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியைப் படிக்க மொழியில் வசதி இல்லை என்று "கெட்லைன்" என்றொரு ஃபங்ஷனை எழுதிக் காட்டியிருப்பார்கள். 2008-இன் போசிக்ஸ் தரத்தில் அதே பெயரில் வேறு ஃபங்ஷன் வந்துவிட்டது. இன்று அந்தப் பாடத்தை அப்படியே அடித்தால் லினக்ஸ் கம்பைலர் பெயர் மோதுகிறது என்று சண்டைக்கு வருகிறது! உங்கள் ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் உங்களுக்கென்று ஓர் இனிஷியல் போட்டு வையுங்கள்.

மூன்று, எது முடியாது என்பதையும் எழுதி வையுங்கள். என் "எழுத்தெண்ணு", "க்ஷ" என்பதை இரண்டாக எண்ணும். ஒன்று என்று கொள்வோரும் உண்டு. அது பிழையல்ல, நான் எடுத்த முடிவு. முடிவு என்று மேலே ஒரு வரி கமென்ட் இருக்க வேண்டும். அதேபோல எழுத்தை எண்ணிவிட்டால் சீட்டில் காலம் நேராக நிற்கும் என்று நம்பினேன், நிற்கவில்லை. "ட" ஒடுக்கம், "ணௌ" அகலம். அதற்கு அந்த ஜிக் ஆகாது. டேபிள் கோடு போட்டுத்தான் சரிசெய்தேன்.

இந்த மூன்றாவது புத்தியும் மேஸ்திரி கொடுத்ததுதான். பட்டியல் சரியானதும் கேட்டார். "நீ நாளைக்கு வேலைக்குப் போய்டுவ. அப்பால இது மக்கர் பண்ணா யாரு பாக்கறது?" என்னிடம் பதில் இல்லை. சுவரில் இருந்த ஜிக்குகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நம்பர் பஞ்ச் அடித்து, எந்த ஜாப்புக்கு, எந்த டிரில் சைஸ் என்று பெயின்டில் எழுதியிருந்தது. சில ஜிக் செய்தவர்கள் இப்போது உயிரோடு இல்லையாம். ஜிக் இன்னும் வேலை செய்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலும் தமிழில் கமென்ட் எழுதினேன். எதற்கு, எப்படி, எங்கே ஆகாது. முதலாளியின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன், புரிந்தது என்றாள். போன மாதச் சீட்டு அவள் எடுத்தது.

வகுப்பில் நாம் பலபேர் தமிழ் மீடியத்தில் வந்தவர்கள். டிகிரிக்காரன் எதிரில் நமக்கு ஏதோ ஒரு வசதி குறைந்தே பிறந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் உள்ளே இருக்கிறது. எனக்கும் இருந்தது, முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது "அது இல்லை, அதனால் முடியாது" என்று வாய் வரை வரும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் அந்தத் தட்டு கண்ணில் தெரிகிறது.

கடைசியாக ஒரு வேடிக்கை. உங்கள் பெயருக்கு மேலே சொன்னபடி எண் போட்டுப் பாருங்கள். விம்கோ நகர் என்றால் 186, 131, 25, பிறகு 106, 15, 157. விகடகவி என்றால்? 186, 15, 67, 15, 186. முன்னாலிருந்து படியுங்கள், பின்னாலிருந்து படியுங்கள். லேபில் என்னைக் கலாய்த்த நண்பர்கள் கவனிக்கவும்: கம்ப்யூட்டர் இப்போது ஒத்துக்கொண்டுவிட்டது!